3 குண்டு, ஒரே துளை... நம்பலாமா? அமெரிக்க வேட்டைக்காரர்கள் சொந்தமாகத் தோட்டா தயாரிப்பது ஏன்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாட ஆண்டுக்கு ஒருமுறை 9 நாள் பருவம் வரும். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்துநாளுக்கு முந்தைய சனிக்கிழமை அது தொடங்கும்.

ஆனால் சிலருக்கு வேலை கோடையிலேயே ஆரம்பித்துவிடும். கார் கொட்டகையின் ஓரத்தில் ஒரு மேசை. அதில் ஒரு கைப்பிடி இயந்திரம், ஒரு தராசு, பித்தளை உறைகள் நிறைந்த ஒரு பெட்டி. அங்கே அவர்கள் தங்கள் துப்பாக்கிக்கான தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தயாரிப்பார்கள்.

கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா கிடைக்கும் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு ஏன்? அவர்கள் தேடும் "துல்லியம்" உண்மையில் கிடைக்கிறதா? அதை எப்படி அளக்கிறார்கள்?

சிங்கப்பூரில் இதை யாரும் வீட்டில் செய்துபார்க்க முடியாது. செய்யவும் கூடாது. அதற்கான சட்டத்தைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் இந்த மேசையில் எழும் ஒரு கேள்வி உங்கள் அன்றாட வாழ்க்கைக்கும் பொருந்தும்: எத்தனை தடவை சோதித்துப் பார்த்தால் ஒன்றை நம்பலாம்?

முதலில், தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

தோட்டாவையும் குண்டையும் பேச்சில் ஒன்றாகவே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு. தோட்டா என்பது முழுப் பொட்டலம். குழலைவிட்டுப் பறந்து போவது குண்டு மட்டும்தான்.

தோட்டாவில் 4 பாகங்கள் உண்டு.

- உறை: பித்தளையால் ஆனது. 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம்.
- பிரைமர்: உறையின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம். ஊசி தட்டியதும் தீப்பொறியைக் கிளப்புவது இதுதான்.
- மருந்து: புகையில்லா வெடிமருந்து. பிரான்ஸின் போல் வியேல் 1884இல் உருவாக்கியதிலிருந்து வளர்ந்தது.
- குண்டு: பெரும்பாலும் செம்பு போர்த்திய ஈயம்.

சுட்டதும் மருந்து எரிந்துபோகும். குண்டு பறந்துவிடும். பிரைமர் பயனற்றுப்போகும். மிஞ்சுவது உறை. பித்தளை சுடும்போது விரிந்து, பிறகு கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். அதனால் அதே உறையைப் பல தடவை பயன்படுத்தலாம். சொந்தத் தோட்டாவுக்கு அடிப்படையே இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் பிரைமர் வகையை உருவாக்கியவர் எட்வர்ட் பாக்ஸர் என்னும் பிரிட்டிஷ்காரர். ஐரோப்பாவில் பரவிய இன்னொரு வகையை உருவாக்கியவர் ஹைரம் பெர்டன் என்னும் அமெரிக்கர். பாக்ஸர் வகையில் உறையின் நடுவில் ஒரே ஒரு துளைதான். பழைய பிரைமரைச் சுலபமாகத் தள்ளி எடுத்துவிடலாம். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

கடையில் இருக்கும்போது ஏன் இவ்வளவு சிரமம்?

காரணங்கள் பல. சிலருக்குச் செலவு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் தோட்டாக்களுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. பிரைமரும் கிடைக்கவில்லை. முன்பே வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

சிலரிடம் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கும். அதற்கேற்ற தோட்டாவைக் கடைகளில் இப்போது பார்ப்பதே அரிது.

ஆனால் அதிகம் சொல்லப்படும் காரணம் துல்லியம். தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தவேண்டும். கடையில் வாங்கும் சட்டை மாதிரி. சொந்தத் தோட்டா, தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை.

ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் இரண்டு துப்பாக்கிகள் நூறு விழுக்காடு ஒன்றுபோல் இருக்காது. தோட்டா அமரும் அறையின் அளவில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். குழலின் உட்புறமும் அப்படித்தான். எந்தக் குண்டு, எந்த மருந்து, எவ்வளவு மருந்து, குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழம் என்ற நான்கையும் தன் துப்பாக்கிக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கவே வேட்டைக்காரர் மேசையில் உட்காருகிறார்.

எப்படிச் செய்கிறார்கள்?

சுருக்கமாகப் பார்ப்போம். சுட்ட உறையைச் சுத்தம் செய்வார்கள். கைப்பிடி இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், விரிந்த உறை மறுபடி சரியான அளவுக்கு வரும். பழைய பிரைமரும் வெளியே வந்துவிடும். நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சமன் செய்வார்கள். புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்கார வைத்தால் தோட்டா தயார்.

மருந்தை நிறுப்பது கிரெயின் என்ற அளவில். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் பாட்டிகள் காலத்து நகைக்கணக்கில் சொன்னால், ஒரு குன்றிமணியின் எடையில் ஏறக்குறைய பாதி. இவர்களின் தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும்.

எவ்வளவு மருந்து போடலாம் என்பதை யாரும் ஊகிப்பதில்லை. லைமன், ஹார்னடி, சியரா போன்ற நிறுவனங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கையேடுகளாக வெளியிடுகின்றன. குண்டுக்கும் மருந்துக்கும் ஏற்பத் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டும் அதில் இருக்கும். தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுவதுதான் விதி.

அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் 3 தோட்டா செய்து, சுடுதிடலுக்குக் கொண்டுபோவார்கள். 100 மீட்டரில் காகித இலக்கு. எந்த அளவில் 3 துளைகளும் மிக நெருக்கமாக விழுகின்றனவோ, அதுவே "என் துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா". பல தலைமுறைகளாக இதுதான் வழக்கம்.

பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது.

துல்லியம் என்று எதைச் சொல்கிறோம்?

தேசியச் சேவையில் சுடும் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இரண்டு சொற்கள் நினைவிருக்கும்: குரூப்பிங், ஸீரோயிங்.

குரூப்பிங் என்பது குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது. ஸீரோயிங் என்பது அந்தக் கூட்டத்தை இலக்கின் நடுவுக்கு நகர்த்துவது. இரண்டாவதைத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். முதலாவதைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது. தோட்டா, துப்பாக்கி, சுடுபவர் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

நெருக்கத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு பாகையை 60 பங்கு போட்டால் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது சுமார் 2.9 சென்டிமீட்டர். நம் 50 காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். 300 மீட்டரில் அதே கோணம் மூன்று மடங்காகிவிடும்.

"என் ரைஃபிள் ஒரு எம்.ஓ.ஏ. அடிக்கும்" என்பது அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் வசனம். 3 குண்டுகளும் 3 சென்டிமீட்டருக்குள் விழும் என்று அர்த்தம்.

எப்போதும் விழுமா? அதுதான் கேள்வி.

3 குண்டு எவ்வளவு உண்மை சொல்லும்?

ஒரு சின்னக் கற்பனை. 10 பேருக்கு ஆளுக்கு 3 பகடைகள் கொடுக்கிறோம். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பகடைகள். ஒவ்வொருவரும் ஒருமுறை உருட்டி, கூட்டுத்தொகை சொல்லவேண்டும். மிகக் குறைவாக வருபவருக்கு வெற்றி.

யாரோ ஒருவருக்கு 5 அல்லது 6 வரும். இன்னொருவருக்கு 14 அல்லது 15 வரும். ஜெயித்தவரின் பகடை "துல்லியமான பகடை" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். இன்னொரு தடவை உருட்டினால் வேறு யாராவது ஜெயிப்பார்.

10 வகைத் தோட்டா செய்து, ஒவ்வொன்றிலும் 3 சுட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதும் ஏறக்குறைய இதேதான்.

கணக்கு இப்படி. ஒரு துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து, சராசரியாக 3 குண்டுகளை 3 சென்டிமீட்டருக்குள் போடுகின்றன என்று வையுங்கள். எதையுமே மாற்றாமல் திரும்பத் திரும்ப 3 குண்டு சுட்டால், ஒரு தடவை ஒன்றரை சென்டிமீட்டர் வரும். இன்னொரு தடவை நாலரை சென்டிமீட்டர் வரும். இரண்டுமே சாதாரணமாக நடக்கக்கூடியவை.

அதாவது 10 வகைத் தோட்டாக்களுக்கிடையே உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், காகிதத்தில் ஒன்று "அற்புதம்" என்றும் இன்னொன்று "மோசம்" என்றும் தெரியும். இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம். நம் மூளை உடனே கதை கட்டத் தொடங்கிவிடும்: "இந்த அளவு மருந்துதான் குழலுக்குப் பிடிக்குது!"

இன்னொரு விஷயமும் உண்டு. சுடச் சுடக் கூட்டம் விரிந்துகொண்டே போகும். புதுக் குண்டு ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்கு நடுவில் விழலாம், வெளியேயும் விழலாம். ஆனால் பழைய தூரத்தைக் குறைக்கவே முடியாது. அதே துப்பாக்கியில் 3க்குப் பதில் 10 குண்டு சுட்டால், கூட்டத்தின் அகலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகும். 3 சென்டிமீட்டர் துப்பாக்கி, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் துப்பாக்கியாகத் தெரியும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது.

அண்மை ஆண்டுகளில் தோட்டாத் தயாரிப்புத் துறையில் வேலைசெய்யும் பொறியாளர்களே இதை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பல வேட்டைக்காரர்களுக்கு அது ரசிக்கவில்லை. பல ஆண்டுகள் செலவழித்துக் கண்டுபிடித்த "ரகசிய அளவு" வெறும் அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்படியானால் எப்படிச் சோதிக்கவேண்டும்?

விடை ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை.

- அதிகம் சுடவேண்டும். 3 அல்ல, 20 அல்லது 30. அப்போதுதான் எண்கள் நிலைக்கு வரும்.
- ஓரத்துக் குண்டுகள் இரண்டை மட்டும் அளக்காமல், ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளந்து சராசரி எடுக்கவேண்டும். அப்போது எந்தக் குண்டின் தகவலும் வீணாகாது.
- ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். குண்டையும் மருந்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.
- ஜெயித்த தோட்டாவை மறுபடி செய்து, வேறொரு நாளில் மறுபடி சோதிக்கவேண்டும். இரண்டாவது தடவையும் ஜெயித்தால் நம்பலாம்.

சொல்வது சுலபம். வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெலிதானது. தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறவேண்டுமே! தொடர்ந்து சுட்டால் அது சூடாகிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் காசு. குழலும் தேயும்.

அதற்கு அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காட்டில் மான்மீது பாயப்போவது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு. அதனால் ஒவ்வொரு முறை திடலுக்குப் போகும்போதும் முதல் குண்டை ஒரே காகிதத்தில் சுட்டு, அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அடுத்த வாரம் அதே காகிதம், இன்னொரு துளை. கோடை முடிவதற்குள் அதில் 10, 15 துளைகள் சேரும். ஒரே நாளில் சுட்ட அழகான மூன்றைவிட அந்தக் காகிதம் நேர்மையானது.

வேகம் எங்கே வருகிறது?

குண்டு குழலைவிட்டு வெளியேறும் வேகத்தை அளக்க இன்று சிறிய ரேடார் கருவிகள் வந்துவிட்டன. கைப்பேசி அளவுப் பெட்டியை மேசையில் வைத்தால் போதும்.

முதன்முதலில் இதை முறையாக அளந்தவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் மரக்கட்டைமீது குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அதை நூலாக வெளியிட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கோட்டைகளைச் சீரமைக்கத் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தவர், 1751இல் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார்.

வேகம் ஏன் முக்கியம்? புவியீர்ப்பு. 308 வின்செஸ்டர் போன்ற ஒரு சாதாரண வேட்டைத் தோட்டாவின் குண்டு 300 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.4 வினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் அது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் விழுந்துவிடும். பள்ளியில் படித்த இயற்பியல் சூத்திரத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் போனால் இந்த வீழ்ச்சியை முன்கூட்டியே கணித்துவிடலாம். வேகம் வினாடிக்கு 10 மீட்டர் மாறினால், 300 மீட்டரில் குண்டு சுமார் 2 சென்டிமீட்டர் மேலோ கீழோ விழும். வேட்டைக்கு அது பெரிய விஷயமில்லை. கிலோமீட்டர் தூரத்தில் சுடும் போட்டியாளர்களுக்கு அதுதான் தலைவலி.

வெயிலும் குளிரும்கூட விளையாடும். மருந்து சூடாக இருந்தால் பொதுவாகக் குண்டு வேகமாகப் போகும். ஜூலை வெயிலில் சோதித்த தோட்டா, நவம்பர் பனியில் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

மானுக்கு இது எப்படித் தெரியும்?

இதெல்லாம் காகிதத்தில் துளை போடுவதற்காக மட்டுமல்ல. குண்டு இதயத்தையோ நுரையீரலையோ தாக்கினால் மான் சீக்கிரம் இறந்துவிடும். வயிற்றிலோ காலிலோ பட்டால் காயத்தோடு ஓடிப்போய், மணிக்கணக்கில் தவிக்கும். சில சமயம் கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல வேட்டைக்காரருக்கு அதைவிட அவமானம் இல்லை.

இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியைச் சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம் என்று வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இப்போது அந்த "ஒரு எம்.ஓ.ஏ." துப்பாக்கியைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். சுடுபவரின் கை துளியும் ஆடவில்லை, காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

- 100 மீட்டர்: 20 குண்டில் 19, சுமார் 6 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்.
- 200 மீட்டர்: சுமார் 12 சென்டிமீட்டர்.
- 300 மீட்டர்: சுமார் 18 சென்டிமீட்டர்.

பார்த்தீங்களா? 300 மீட்டரில் துப்பாக்கி மட்டுமே அந்த 20 சென்டிமீட்டரைக் கிட்டத்தட்டத் தின்றுவிட்டது. கை நடுக்கத்துக்கும் மூச்சுக்கும் காற்றுக்கும் மிச்சமே இல்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் இளங்காற்று, அந்தத் தூரத்தில் குண்டை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிவிடும்.

கோடை முழுவதும் மேசையில் உட்கார்ந்து தோட்டாவை 20 விழுக்காடு மேம்படுத்தினால், அந்த 18 சென்டிமீட்டர் சுமார் 14 ஆகும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 300 மீட்டரில் சுடாமல், 100 மீட்டர் மெல்ல நெருங்கிப் போனால்? 18 என்பது 12 ஆகும். காற்று தள்ளும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அதனால்தான் பழுத்த வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்: கிட்டே போ, முடியாவிட்டால் சுடாதே. எந்தத் தராசும் அதற்கு ஈடாகாது.

ஈயமா, செம்பா?

துல்லியத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் சிலரை மறுபடி மேசைக்கு இழுத்திருக்கிறது.

ஈயக் குண்டு மானுக்குள் பாயும்போது சிறு துண்டுகளாகச் சிதறும். வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போகும் குடலையும் கழிவையும் கழுகுகள் தின்னும். ஈயம் நஞ்சு. கலிஃபோர்னியக் காண்டர் என்னும் பெரிய பிணந்தின்னிக் கழுகு, 1982இல் உலகிலேயே 22 மட்டுமே மிஞ்சும் நிலைக்குப் போனது. அதன் மீட்சிக்கு இன்றும் பெரிய தடையாக இருப்பது ஈய நஞ்சு.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயம் கலந்த தோட்டாவால் வேட்டையாட முழுத் தடை. செம்புக் குண்டுக்கு மாறவேண்டும்.

மாறுவது வெறும் உலோகத்தை மாற்றுவதல்ல. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீளமாக இருக்கவேண்டும். நீளமான குண்டு தள்ளாடாமல் பறக்க, அது இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பள்ளம் வெட்டிய 30-06 ரைஃபிளில், குண்டு நிமிடத்துக்கு 190,000 சுற்றுக்குமேல் சுழன்றபடி வெளியேறுகிறது.

நீளமான குண்டு உறைக்குள்ளும் அதிக இடம் பிடிக்கும். ஈயக் குண்டுக்கு எழுதிய மருந்துக் கணக்கை அப்படியே இதற்குப் போட முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்து சோதனை. கழுகைக் காப்பாற்ற நினைக்கும் வேட்டைக்காரருக்கும் வீட்டுப்பாடம் உண்டு!

எவ்வளவு ஆபத்து?

காரின் டயரில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 32 பவுண்டு அழுத்தம் இருக்கும். 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கித் துறையின் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் 62,000 பவுண்டு. ஏறக்குறைய 1,900 மடங்கு. அது வெடிப்பது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலத் தூரத்தில்.

புட்டி மாறி வேறு மருந்தை ஊற்றிவிட்டால், அல்லது கவனம் சிதறி அளவு தவறினால், துப்பாக்கியே சிதறலாம். அதனால் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்கவேண்டும், வேலை நேரத்தில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் கூடாது, ஈயத்தைத் தொட்டபின் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது என்றெல்லாம் கடுமையான விதிகள் உண்டு.

சிங்கப்பூரில் என்ன நிலை?

இங்கே துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் சட்டத்தின் கண்ணில் கடுமையான பொருள். 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்கீழ், சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயமோ சேதமோ விளைவிக்கும் நோக்கில் சுட்டால் மரண தண்டனை. 2021இல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான புதிய சட்டத்தையும் நிறைவேற்றியது.

மலேசியாவிலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளன.

அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சுற்றுலா போனால், தோட்டாவை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். காலி உறைதானே என்று தோன்றினாலும், முன்கூட்டியே காவல்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, துல்லியத்தில் ஆர்வம் இருப்பவர்களுக்கு இங்கே வழியே இல்லையா? இருக்கிறது. விளையாட்டாகத் துப்பாக்கி சுடுதல். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் மார்ட்டினா வெலோசோ அதில் ஒன்று, 50 மீட்டர் ரைஃபிளில் ஒன்று என இரண்டு தங்கம் வென்றார்.

50 மீட்டர் போட்டியில் பயன்படும் சிறு தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. பிரைமர் உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். அதனால் உயர்நிலை வீரர்கள் தயாரிப்பு நிறுவனங்களின் சோதனைத் திடலுக்குத் தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய், வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். வேட்டைக்காரர் செய்து தேடுவதை, வீரர் தேர்ந்தெடுத்துத் தேடுகிறார். அங்கேயும் ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகப் பலமுறை சுடுவதுதான் வழக்கம். மூன்றோடு நிறுத்துவதில்லை.

உங்களுக்கு இதில் என்ன?

உணவங்காடி நிலையத்தில் புதுக் கடை. இணையத்தில் 3 விமர்சனம், மூன்றுமே 5 நட்சத்திரம். புதுச் சரும கிரீம். 3 தோழிகளுக்கு வேலை செய்தது. புதுப் படிப்பு முறை. 3 தேர்வில் நல்ல மதிப்பெண்.

மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஒரே துளையில் விழுந்த 3 குண்டுகளும் உண்மைதான். ஆனால் அவை நாலாவது எங்கே விழும் என்று சொல்லாது. அதுவும் 10 கடை, 10 கிரீம், 10 முறை பார்த்து அதில் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினால், இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தடவை யாராவது "மூணு தடவை பார்த்துட்டேன், சூப்பர்!" என்றால், மறுக்கவேண்டியதில்லை. மொத்தம் எத்தனை பார்த்தாய், மறுபடி ஒரு தடவை பார்த்தாயா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.